82 சென்டிமீட்டருக்குள் ஒரு கொலையாளி

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, கணினித் திரையில் ஒரு பழுப்பு அட்டையும் அதைப் பிடித்திருந்த மூன்று விரல்களும் தெளிந்து வந்தபோது, 34 ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் எவருக்கும் விடை தெரியாமல் கிடந்த ஒரு கொலை வழக்கு முடிவுக்கு வந்தது. கொலை நடந்தது நாடகத்தில்தான். 1991ஆம் ஆண்டு தூர்தர்ஷனுக்கு அனுப்புவதற்கென்று ஒரு சிறு தயாரிப்பாளர் எடுத்து, கடைசிவரை ஒளிபரப்பாகாமலே போன துப்பறியும் தொடரின் முதல் பகுதி அது. அன்று எல்லாரும் சொன்னபடி சொன்னால், பைலட். அதில் துப்பறியும் அம்மாளாக நடித்தவர் என் பெரியம்மா. படத்தின் விஎச்எஸ் வீடியோ கேசட் நகல் ஒன்றை அவருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். பூஞ்சை பிடித்துப்போன அந்த கேசட்டிலிருந்து படத்தை மீட்டெடுத்த ஏழு மாதக் கதையை, செய்த தவறுகளையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

பெரியம்மா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். அலுவலக நாடகக் குழுவில் மாமியார் வேடம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தயாரிப்பாளர் வீடு தேடி வந்து, அமெரிக்காவில் வயதான ஓர் அம்மாள் கொலைகளைக் கண்டுபிடிக்கும் தொடர் பல ஆண்டுகளாகச் சக்கைப்போடு போடுவதாகவும், அதைப்போல மெட்ராஸுக்கு ஒன்று செய்ய விரும்புவதாகவும் சொன்னாராம். அவர் சொன்னது 'மர்டர், ஷி ரோட்' தொடரை. 1984 செப்டம்பர் 30 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் இரண்டு மணி நேர பைலட்டுடன் தொடங்கிய அந்தத் தொடர், 12 பருவங்களில் 264 பகுதிகள் ஓடி 1996இல்தான் நின்றது. பைலட் ஒளிபரப்பான அன்று அதன் நாயகி ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு 59 வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. கணவரை இழந்த, பள்ளியில் ஆங்கிலம் நடத்திய ஓர் அம்மாள் பொழுதுபோக்காக எழுதி வைத்த நாவலை அவருடைய உறவுப் பையன் பதிப்பாளரிடம் சேர்த்துவிடுகிறான். நியூயார்க்கில் ஒரு மாறுவேட விருந்தில், நீச்சல் குளத்தில், ஷெர்லக் ஹோம்ஸ் உடையில் ஒரு பிணம் மிதக்கிறது. பழி அந்தப் பையன்மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்றத்தான் அந்த அம்மாள் துப்பறியவே தொடங்குகிறார்.

எங்கள் பைலட்டில் நீச்சல் குளம் திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தன வீட்டு முற்றமாகவும், எழுத்தாளர் ஓய்வுபெற்ற டிரங்க் கால் ஆபரேட்டராகவும், உறவுப் பையன் அக்கா மகனாகவும் மாறியிருந்தார்கள். வீட்டுக்காரர் 13ஆம் தேதி விடியற்காலையில் கொல்லப்படுகிறார். முந்தைய நாள் வாடகைத் தகராறு செய்த அக்கா மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. மாடிக் குடித்தனக்காரரான வங்கி ஊழியர், வீட்டுக்காரரின் தம்பி, பின்கட்டில் இருக்கும் கம்பவுண்டர் ஆகிய மூவரும் அன்று தாங்கள் ஊரிலேயே இல்லை என்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் சொன்ன வகைக் கதையை விளம்பர நேரம் போக 22 நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததால், விளக்க வசனத்துக்கு இடமே இல்லாமல் முடிவைப் பார்வையாலும் கைச்சாடையாலும் முடித்திருந்தார்கள். இந்தச் சிக்கனம்தான் பின்னால் என்னைப் படாத பாடு படுத்தியது.

கொலையாளி யார் என்று யாருக்கும் ஏன் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது விசிஆர் (கேசட்டை ஓட்டும் டெக்) கிடையாது. ஒரு சனிக்கிழமை இரவுக்கு டெக் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா கையை நீட்டிக் கொலையாளியைக் காட்டப்போன அந்தக் கணத்தில் மின்சாரம் போய்விட்டது. எனக்கு அப்போது 11 வயது. வந்தவர்கள் விசிறியோடு வாசலுக்குப் போய், பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடிந்து மின்சாரம் வந்ததும் கேசட்டை வெளியே எடுத்துவிட்டு டெக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. மறுபடி வாடகைக்கு எடுக்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. நடித்தவருக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். எதிரே இருப்பவரைக் காட்டும் எதிர்முனைக் காட்சியை வேறொரு நாள் எடுத்தார்களாம். "என்னை லைட் ஸ்டாண்டைப் பாத்துக் கை நீட்டச் சொன்னாங்கடா. கையில என்னமோ குடுத்தாங்க. எதிர்ல யாருமே இல்ல" என்கிறார் பெரியம்மா. அவருக்கு இப்போது 89 வயது. படப்பிடிப்பில் நன்றாக நினைவிருப்பது விளக்குகளின் சூடுதான்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் ஜாபர்கான்பேட்டை வீட்டைக் காலி செய்தபோது பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் கேசட் அகப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் அந்த வீட்டின் ஜன்னல் மட்டம் வரை நின்றது. பரண்வரை ஏறவில்லை என்றாலும் சுவர் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால், சுற்றியிருந்த நாடாவின் விளிம்பில் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல வெள்ளைக் கோடுகள். நாடாவின் பெரும்பகுதி இடப்பக்கச் சுருளில் இருக்க, வலப்பக்கத்தில் கொஞ்சம் சுற்றியிருந்தது. அதாவது, அந்த மின்வெட்டில் படம் நின்ற இடத்திலேயே கேசட்டும் நின்றிருந்தது.

டிஜிட்டலாக மாற்றித் தரும் கடை ஒன்றில் விசாரித்தேன். பூஞ்சை இருந்தால் வாங்க மாட்டோம் என்றார்கள். ஒரு கேசட்டின் பூஞ்சை, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்து வரும் எல்லா கேசட்டுக்கும் பரவும் என்பதால் அது நியாயமான பதில்தான். அன்றே நான் அந்த நியாயத்தைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மாறாக, இணையத்தில் 4,500 ரூபாய்க்கு ஒரு பழைய விசிஆர் வாங்கினேன். உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டதால், இனிக் கிடைப்பதெல்லாம் யாரோ பயன்படுத்திக் கழித்ததுதான்.

முதல் தவறு, இந்தக் கதையிலேயே பெரிய தவறு, அன்றிரவு நடந்தது. கேசட்டின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே உள்ளே தள்ளினேன். ரீவைண்ட் செய்தால் நாடா அறுந்துவிடுமோ என்று பயந்து, ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே பிளே அழுத்தினேன். ஐந்து வினாடி படம் வந்தது. வெளிர் நிறப் புடவை, தடித்த பிரேம் கண்ணாடி, 55 வயதுப் பெரியம்மா. கை உயரத் தொடங்குகிறது. உடனே திரை முழுவதும் புள்ளி மழை. படத்தைச் சீராக்கும் டிராக்கிங் பொத்தானை மேலும் கீழும் அழுத்திக்கொண்டு அரை நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அந்த அரை நிமிடமும், கல்லாக இறுகிப்போயிருந்த பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளை நாடாவைக் கோணலாக இழுத்து, அதன் கீழ் விளிம்பை, நாடாவை வழிநடத்தும் கைடுக்கு அடியில் மடக்கிக்கொண்டிருந்தது. கரகரவென்ற சத்தம் கேட்ட பிறகுதான் நிறுத்தினேன். 34 ஆண்டு ஈரமும் பூஞ்சையும் செய்யாத சேதத்தை நான் 35 வினாடியில் செய்து முடித்திருந்தேன், அதுவும் கொலையாளி தெரிய வேண்டிய இடத்தில்.

விசிஆரையும் கேசட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மொபைல் உதிரி பாகக் கடைகளுக்கு நடுவே, பழைய டெக்குகளைப் பார்க்கும் ஒரு மெக்கானிக் மாடிப்படிக்கு அடியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். மூடியைக் கழற்றியதும், "சார், பூஞ்ச கேசட்ட அப்படியே போட்டீங்களா?" என்று கேட்டார், ஆமாம் என்றேன், அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஹெட்டைச் சுத்தம் செய்ய நான் காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார். சாதாரண ஜெராக்ஸ் தாளை விரலகலத்துக்குக் கிழித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் தட்டையாக வைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மை மேலிருந்து மெல்லச் சுழற்றினார். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த டிரம்மில் ஹெட்டின் முனை கண்ணுக்குத் தெரியாத அளவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாளை மேலும் கீழும் அசைத்தால் முனை உடைந்துவிடும், பஞ்சு என்றால் இழை சிக்கி இழுத்துவிடும். தாளில் முதல் சுற்றுக்குக் கரிக்கோடு விழுந்தது, நான்காவது சுற்றில் வெள்ளையாகவே வந்தது. பிஞ்ச் ரோலரும் பெல்ட்டும் மாற்றியதில் உதிரிகளுக்கு 450, அவர் கூலி 600.

கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், முதலில் காய வையுங்கள் என்றார். ஈரத்தோடு துடைத்தால் பூஞ்சை இழுவிக்கொள்ளும், காய்ந்தால் தூளாக உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணியில் முடிந்து வைத்து, அதன்மேல் கேசட்டையும் 350 ரூபாய் ஈரப்பதமானியையும் வைத்தேன். முதல் நாள் 74 சதவீதம் காட்டியது. நீல மணிகள் மூன்றாம் நாளே இளஞ்சிவப்பாகிவிட்டதால், மூன்று நாளுக்கொரு முறை இதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்து, நீலம் திரும்பியதும் மறுபடி உள்ளே வைத்தேன். 40 சதவீதத்துக்கு இறங்க 16 நாள் பிடித்தது. சென்னையில் எந்த மாதத்தில் தொடங்கினாலும் இந்த வேலைக்கு இரண்டு வாரமாவது ஒதுக்குவது நல்லது.

கூட்டைத் திறப்பது எளிது. அடிப்புறத்தில் ஐந்து ஸ்டார் திருகுகள், அவ்வளவுதான். ஆனால் இரண்டு பாதிகளும் சேரும் முதுகில் பெரியம்மா கையெழுத்தில் "பைலட், மெட்ராஸ் 1991" என்று எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. பிளேடால் கீறிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பசையை இளக்கி, ஏடிஎம் அட்டையின் விளிம்பால் நெம்பி எடுப்பதற்கு ஒரு மணி நேரம் ஆனது. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, பால்கனிப் பக்கம் ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, இரண்டு சுருளையும் அவற்றில் மாட்டி, கையால் சுற்றும்படி செய்துகொண்டேன். இடையில் நாடா, பஞ்சிழை உதிராத துணியின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஓடும்.

இரண்டாவது தவறு துடைக்கும் திரவத்தில். கொரோனா காலத்துச் சானிடைசர் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது. அதுவும் ஆல்கஹால்தானே என்று தொடக்கத்தில் படம் பதியாத இரண்டு மீட்டரில் முயன்றேன். அதிலிருக்கும் தண்ணீரும் கைக்கு மென்மைக்காகச் சேர்த்த கிளிசரினும் நாடாமேல் பிசுபிசுப்பான கோடுகளாகக் காய்ந்தன. அந்த நல்ல புத்தி படமில்லாத இடத்தில் வந்ததே பெரிது. பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் அரை லிட்டர் 350 ரூபாய்க்கு வாங்கினேன். துணியை நனைக்கக் கூடாது, ஈரம் தொட்டால் போதும். ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

மூன்றாவது தவறு கணக்கில். அது 180 நிமிட கேசட். நான் இரண்டு சனிக்கிழமைகளை முழுதாகச் செலவழித்து 250 மீட்டருக்கு மேற்பட்ட நாடாவையும் துடைத்து முடித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு காபி குடிக்கும்போதுதான், விஎச்எஸ் நாடா நம் நாட்டு பால் (PAL) ஒளிபரப்பு முறையில் வினாடிக்கு 23.39 மில்லிமீட்டர்தான் ஓடும் என்பதைப் பெருக்கிப் பார்த்தேன். 22 நிமிடத்துக்கு 31 மீட்டர் போதும். மீதி முழுவதும் வெற்று நாடா. முதல் 35 மீட்டரை மட்டும் சுத்தம் செய்து வேறு கூட்டுக்கு மாற்றியிருந்தால் ஒரே மாலையில் முடிந்திருக்கும். சுத்தம் செய்ததை எல்லாம் பழைய கூட்டில் திரும்ப வைத்தால் மறுபடி பூஞ்சை ஏறும் என்பதால், சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் கேசட் ஒன்று 50 ரூபாய் வீதம் மூன்று பழைய கேசட்டுகள் வாங்கி, அவற்றில் நல்லதாக ஒன்றின் கூட்டைக் கழுவிக் காயவைத்து அதற்குள் மாற்றினேன்.

அதே பெருக்கலை மடிந்த பகுதிக்கும் போட்டுப் பார்த்தேன். 35 வினாடி என்பது 82 சென்டிமீட்டர். கொலையாளி அந்த 82 சென்டிமீட்டருக்குள் இருந்தான்.

நாடாவின் அகலம் 12.65 மில்லிமீட்டர். மடிந்த இடத்தில் வெர்னியர் வைத்தால் 11.4தான் வந்தது; கீழ் விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்நோக்கி மடங்கி, மற்ற இடமெல்லாம் விசிறி மடிப்பாகச் சுருங்கியிருந்தது. மூர் மார்க்கெட் கேசட்டில் வேண்டுமென்றே ஒரு மடிப்பு உண்டாக்கி, தாள் போர்த்தி, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்துப் பார்த்தேன். பாலியெஸ்டர் நாடா சுருண்டு அப்பளம்போல ஆனது. அதை மட்டும் மாதிரியில் செய்து பார்க்கும் அளவுக்கு அப்போது புத்தி வந்திருந்தது. கடைசியில், கண்ணாடித் தகட்டின்மேல் நாடாவைப் படம் பதிந்த பக்கம் கீழாக வைத்து, முதுகுப் பக்கத்தில் துணி போர்த்தி, பிளாஸ்டிக் கரண்டியின் பின்புறத்தால் விளிம்பை விரல் விரலாக நீவி விரித்தேன். 82 சென்டிமீட்டருக்கு இரண்டு மணி நேரம். பிறகு அந்தப் பகுதி சுருளின் நடுவில் வரும்படி இறுக்கமாகச் சுற்றி, கிடையாக 12 நாள் அசையாமல் வைத்தேன். எடுத்து அளந்தபோது 12.5 வந்தது. மடிப்புத் தழும்புகள் போகவில்லை, ஆனால் தட்டையாகிவிட்டது.

முதல் 20 நிமிடம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடியது. நிறம் சற்றுச் சிவப்புக்குச் சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் அங்கங்கே வெள்ளைக் கீற்றுகள். முடிவுக்குப் பிந்தைய ஒன்றரை நிமிடமும் சுத்தம்: அக்கா மகன் விடுதலையாகி வருகிறான், காபி வருகிறது, போலீஸ் ஜீப்பின் பின்பக்கம் மட்டும் தெருமுனையில் திரும்புகிறது. இடையில் அந்த 35 வினாடியில் படம் உருண்டது, கிழிந்தது, பட்டை பட்டையாக மழை பெய்தது. குரல் மட்டும், கிணற்றுக்குள்ளிருந்து நீட்டி நீட்டிப் பேசுவதுபோல இருந்தாலும், முழுதாக வந்தது. விஎச்எஸ் நாடாவில் ஒலிக்கான தடம் மேல் விளிம்பில் இருக்கிறது. நாடாவின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் துடிப்புகள் பதிந்த கன்ட்ரோல் டிராக், முக்கால் மில்லிமீட்டர் அகலத்தில், கீழ் விளிம்பில். நான் மடக்கியது கீழ் விளிம்பை. துடிப்பு கிடைக்காத இயந்திரம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத் தடுமாறுகிறது.

கேட்ட வசனம் இவ்வளவுதான்: "இது ஒண்ணு போதும். பதிமூணாவது கட்டத்தைப் பாருங்க." நீண்ட மௌனம். "ஊர்லயே இல்லேன்னீங்களே, சார்?" அதன்பின் நாற்காலி ஒன்று விழும் சத்தம். எது போதும், எந்த சார், இரண்டுமே படத்தில்தான் இருக்கின்றன. பைலட்டின் தொடக்கத்தில் கம்பவுண்டர் அறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குவதையும், கேமரா அதைத் தாண்டிப் போகும்போது சற்று நிதானிப்பதையும் பார்த்திருந்தேன். கட்டம் என்றால் காலண்டர், காலண்டர் என்றால் கம்பவுண்டர் என்று முடிவுகட்டி, பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொல்லியும்விட்டேன். அவர், "அப்படியா, அந்தப் பையன் நல்லா நடிச்சானே" என்றதோடு சரி.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் விட முடியவில்லை. 900 ரூபாய் யுஎஸ்பி கருவி மூலம் விர்ச்சுவல்டப் மென்பொருளில் பதிவு செய்தபோது, படம் தடுமாறும் இடத்திலெல்லாம் நீலத் திரை வந்து நின்றது. அதில் பாதிக் குற்றம் விசிஆருடையது. சமிக்ஞை பலவீனமானால் நீலத்தைக் காட்டும்படி அதன் மெனுவில் ஓர் அமைப்பு இருந்ததை அணைத்தேன். மீதிக் குற்றத்துக்கு, நண்பர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பழைய டிவிடி ரெக்கார்டரை இரவல் வாங்கி, விசிஆருக்கும் கணினிக்கும் இடையில் இணைத்தேன். அது பதிவு செய்யாமல் வெறுமனே படத்தைக் கடத்திவிடும்போதே வரிகளின் தடுமாற்றத்தைச் சரிசெய்து கொடுக்கிறது. சுருக்காமல் பதிந்ததில் முழுப் பைலட்டுக்கும் 25 ஜிபிக்கு மேல் ஆனது. முதல் தடவை இடம் மிச்சம் பிடிக்கச் சுருக்கிப் பதிந்தேன். மழைப் புள்ளிகளோடு சேர்த்து முகங்களையும் அது மெழுகிவிட்டது.

தானாக டிராக்கிங் செய்யும் என் விசிஆர், கன்ட்ரோல் துடிப்பு இல்லாத இடத்தில் தேடித் தேடி இன்னும் கெடுத்தது. ரிச்சி தெரு மெக்கானிக் தன்னிடமிருந்த, டிராக்கிங்கைக் கையால் திருகும் பழைய டெக்கை ஒரு வாரத்துக்கு இரவல் தந்தார். "பத்து தடவைக்கு மேல ஓட்டாதீங்க சார்" என்று எச்சரித்தார்; நான் 11 தடவை ஓட்டினேன், மூன்று தடவைக்கு ஒரு முறை தாளால் ஹெட்டைத் துடைத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் குமிழை அரைக்கால் திருப்பு மாற்றி வைத்ததால் மழைப் பட்டை வெவ்வேறு இடத்தில் விழுந்தது. ஒன்றில் தலை தெரிந்தால் இன்னொன்றில் கை தெரியும்.

35 வினாடிக்கு, வினாடிக்கு 25 வீதம், 875 ஃப்ரேம்கள். 11 பதிவுகளையும் ஒலி அலையின் உச்சங்களை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஏவிசிந்த் என்ற வீடியோ மென்பொருள் மூலம் ஒவ்வொரு புள்ளிக்கும் 11 மதிப்புகளின் நடு மதிப்பை எடுத்துக்கொள்ளச் செய்தேன். சராசரி எடுத்தால் மழையும் கலந்து சாம்பலாகிறது. நடு மதிப்பு எடுத்தால் எங்கோ ஓரிரண்டில் மட்டும் விழுந்த வெள்ளை தானாக ஒதுங்கிவிடுகிறது. பொருத்துவதுதான் உயிரை எடுத்த வேலை. நாடா வேகம் மாறிக்கொண்டே இருந்ததால் ஒரு வினாடிக்குப் பொருந்தியது அடுத்த வினாடிக்குப் பொருந்தாது. ஆறு வாரம் இரவுகளில் உட்கார்ந்து, ஐந்து ஐந்து ஃப்ரேமாக நகர்த்தினேன். பெரும்பாலானவை இன்னும் மூடுபனிக்குள்தான் இருக்கின்றன. கை தெரிவது மூன்று ஃப்ரேம்கள், எதிர்முனை முகம் தெரிவது ஒன்பது.

அந்த மூன்றாவது ஃப்ரேமில் இருந்தது காலண்டர் அல்ல. பால் பூத் அட்டை. தேதிக் கட்டங்கள், அவற்றின்மேல் நீலப் பென்சிலால் அடித்த கோடுகள். அதைப் பார்த்த பிறகுதான் ஆறாவது நிமிடக் காட்சி நினைவுக்கு வந்தது: பெரியம்மா விடியற்காலை வரிசையில் நிற்கிறார், பூத்காரர் அட்டையை வாங்கி ஒரு கட்டத்தை அடித்துவிட்டுப் பாக்கெட்டைக் கொடுக்கிறார். படத்தின் மிக நீளமான காட்சி அதுதான். வெறும் அழகுக்காக எடுத்தது என்று நினைத்து, நிறம் சரிசெய்யும்போதுகூட அதை வேகமாக ஓட்டியிருந்தேன். ஒன்பது ஃப்ரேமில் தெரிந்த முகம் மாடி வங்கி ஊழியருடையது. 12 முதல் 14 வரை காஞ்சிபுரத்தில் தணிக்கை வேலை, குடும்பமும் ஊருக்குப் போயிருக்கிறது என்று நான்காவது நிமிடத்தில் சொன்னவர். பூட்டிய வீட்டின் அட்டையில் 13ஆம் தேதிக் கட்டம் அடித்திருக்கிறது. காலண்டர் பார்வையாளரை ஏமாற்ற வைத்தது, நான் முதல் ஆளாக ஏமாந்தேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: விசிஆர் 4,500, உதிரிகளும் கூலியும் 1,050, யுஎஸ்பி கருவி 900, ஆல்கஹால் 350, ஈரப்பதமானி 350, துணியும் கையுறையும் 220, சிலிக்கா ஜெல் 180, மூர் மார்க்கெட் கேசட்டுகள் 150, ஆக 7,700 ரூபாய். டிவிடி ரெக்கார்டரும் இரண்டாவது டெக்கும் இரவல். இன்னொரு கேசட் கையில் வந்தால், எந்த டெக்கிலும் போடுவதற்கு முன் காயவைத்துத் துடைப்பேன், வாங்கிய டெக்கில் முதலில் 50 ரூபாய்க் கேசட் ஒன்றை ஓட்டி, நாடா விளிம்பு கசங்காமல் வெளிவருகிறதா என்று பார்ப்பேன், ரப்பர் எப்படியிருந்தாலும் மாற்றிவிடுவேன், சுருக்காமல் பதிவேன். துடைப்பதற்கு முன் பெருக்கிப் பார்ப்பேன்.

புதன்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். கை தெரியும் மூன்று ஃப்ரேமையும் முகம் தெரியும் ஒன்பதையும் நிறுத்தி நிறுத்தி ஓட்டி, இடையில் வரும் மூடுபனியை அப்படியே விட்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அட்டை வந்ததும் திரைக்கு அருகில் குனிந்தார்.

"இதுதான் குடுத்தாங்களா என் கையில?"

"ஆமா பெரியம்மா. பால் அட்டை. அவரு ஊர்ல இல்லேன்னாரு, ஆனா பதிமூணாந்தேதி பால் வாங்கியிருக்காரு. அதான் மாட்டிக்கிட்டாரு."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது எப்படிடா? நாங்க குடியிருந்த வீட்ல யாராவது ஊருக்குப் போனா அட்டையை என்கிட்டதான் குடுத்துட்டுப் போவாங்க. பால் வீணாகக் கூடாதுன்னு நானே வாங்கிக்குவேன். ஏழு வீட்டு அட்டை என் பையில இருக்கும். அந்த அட்டையை எவன் வேணா எடுத்துட்டுப் போயிருக்கலாமே."

எனக்குப் பதில் தோன்றவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார்; இந்த முறை ஆறாவது நிமிடத்திலிருந்து, வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பது யார் என்று பார்க்க வேண்டுமாம்.